தாயர் கூற்றும் தாதியர் ஆய்வும்

ஒரு நூலின் தகுதியை அளத்தற்கு அளவைகள் வகுத்துக்கொள்ளுதல் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. நன்னூலார் தம் பாயிரத்துள் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும், ஆகும் பத்து அழகுகளையும், முப்பத்திரண்டு உத்திகளையும் வகுத்துரைத்தார். மேனாட்டு மருத்துவத் துறையில் எண்ணும் அளவும் கொண்டு நிறுவப்படும் ஆய்வுகளுக்கு இத்தகைய அளவைகள் நெடுங்காலமாக உள. எண்ணாலன்றிச் சொல்லாலே, அதாவது துன்புற்றார் தம் வாய்மொழியாலே நிறுவப்படும் பண்புசார் ஆய்வுக்கு அளவை காணும் முயற்சியோ பிற்பட்டது. 2007ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளராகிய அலிசன் தொங் என்பாரும் உடனாய்வாளர் இருவரும் அத்தகைய அறிக்கைகளை நோக்குதற்கு ஒரு பட்டியல் வகுத்தனர். அதன்கண் உள்ள உறுப்புகளும் முப்பத்திரண்டே. எண்ணின் ஒற்றுமை தற்செயல். நோக்கத்தின் ஒற்றுமை தற்செயலன்று. சொல்லைக் கொண்டு உண்மை காண்போர், அச்சொல் யார் சொல், யாரிடத்துச் சொன்ன சொல், எவ்வாறு தொகுத்த சொல் என வினவியே ஆதல் வேண்டும்.

இவ்வினாக்களை நிறுத்தி ஆராய்தற்குத் தக்கதோர் ஆய்வு, செறில் ரற்றானோ பெக், சூ உவாற்சன் என்னும் இருவர் 2008ஆம் ஆண்டில் அமெரிக்கத் தாதியராய்ச்சி இதழொன்றில் வெளியிட்டதாகும். பெக் என்பார் அந்நாளில் கனெற்றிக்கற் பல்கலைக்கழகத்துத் தாதியர்துறைப் பேராசிரியராயிருந்தவர். மகப்பேற்றுக்குப் பிந்திய உளத்துயரைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். உவாற்சன் என்பார் பேற்றினால் மனவடுவுற்ற தாயர்க்கு உதவும்பொருட்டு நியூசீலந்தில் அமைந்த 'ரப்ஸ்' என்னும் அறநிலையத்தின் தலைவராக அந்நாளில் இருந்தவர். கொடிய பேறு கண்ட தாயர் தம் குழந்தைக்குப் பாலூட்டுங்கால் என்ன உறுகின்றனர் என்பதே அவ்வாய்வின் வினா. அந்நிலையத்தின் இணையத்தளத்து அறிவித்தல் கண்டு முன்வந்த 52 தாயர் தம் அனுபவத்தை எழுதி மின்னஞ்சல்வழி விடுத்தனர். அவ்வெழுத்துகளே ஆய்வுக்கு மூலம்.

மூலத்தினின்று ஆய்வாளர் எட்டுப் பொருட்கூறுகளைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் மூன்று பாலூட்டலுக்குத் துணையாவன: எவ்வாற்றானும் ஊட்டித் தான் தாயே என மெய்ப்பிக்கும் உறுதி, குழந்தை உலகிற்கு வந்த கொடிய வகைக்குக் கழுவாய் தேடுதல், ஊட்டும் பொழுதளவேனும் உள்ளத்து நோவு ஆறுதல். ஏனைய ஐந்தும் தடையாவன: பேற்றறையில் மீறப்பட்ட உடம்பில் மார்பும் பிறர் கைப்பட்டு மீறப்படும் இன்னோர் உறுப்பாதல், பொறுத்தற்கரிய உடல்நோவு, மனவடுவோடு பாற்குறையும் கூடுதல், பேற்றுக் காட்சிகள் மீளமீளத் தோன்றி எதிர்பார்த்த மகிழ்ச்சியைக் கவர்தல், குழந்தையினின்று உள்ளம் விலகி ஊட்டல் வெறுஞ்செயலாதல். ஆகவே மனவடு ஒருசார் தாயரை ஊட்டலின்பால் உந்துகிறது. மற்றொருசார் தாயரை அதனினின்று தள்ளுகிறது. இதனையே ஆய்வாளர் இருவழி என்றனர். சாள்ஸ் டிக்கன்சின் இருநகரக் கதையை நினைவூட்டும் தலைப்பொன்றும் இட்டனர்.

அவர் கைக்கொண்ட முறை தோற்றப்பாட்டியல் என்னும் மெய்யியல்நெறியிற் பிறந்தது. ஒரு பொருளைப் பற்றி முன்னரே கொண்டிருக்கும் கருத்துகளை ஒதுக்கிவைத்து, அது நுகர்வார்க்குத் தோன்றுமாறே நோக்குக என்பது எட்மண்ட் ஹுசேர்ல் (1859–1938) வகுத்த நெறி. அதனை 1978ஆம் ஆண்டில் உளவியலாளர் கொலைசி ஏழு படிகளாக்கினார். கூற்றுகளை முழுதும் வாசித்தல், பொருளுடைய தொடர்களைப் பிரித்தல், அவற்றின் பொருளை வரைதல், ஒத்த பொருள்களைத் தொகுத்தல், முழுமையாக விரித்தல், அதன் சாரத்தை உரைத்தல், ஈற்றிற் சொன்னவரிடமே மீண்டு காட்டி 'நீர் சொன்னது இதுதானோ' எனக் கேட்டல் என்பன அவை. இறுதிப்படி சிறப்புடையது. உரையாசிரியர் தம் உரையை மூலவரிடமே காட்டி ஒப்பம் பெறுதல் இலக்கிய உலகில் இயலாது, இங்கு இயலும். அது செய்யப்படாதவழி, உரைகாரர் தம் கருத்தையே மூலவர் வாயில் வைத்துப் பேசும் குற்றம் நேரும்.

இனி, அவ்வாய்வின் நிறைகளை முதற்கண் நோக்குதல் முறை. தலையாய நிறை யாதெனின், பேறு கொடியதோ அன்றோ எனத் தீர்மானிக்கும் உரிமையைத் தாய்க்கே அளித்தமையாகும். வைத்தியசாலைப் பதிவேட்டில் 'தாயும் சேயும் நலம்' என்று எழுதப்பட்ட பேறு, தாயின் உள்ளத்தில் உயிர்ப்போராட்டமாகப் பதிந்திருத்தல் கூடும். 2004ஆம் ஆண்டில் வெளிவந்த முந்தியதோர் ஆய்விலேயே பெக் இதனை நிறுவினார். அன்று நடப்பிலிருந்த அமெரிக்க உளமருத்துவ வகைப்பாடும் அச்சம், செயலறவு, பேரதிர்ச்சி என்னும் அகவுணர்வை ஓர் இலக்கணமாகக் கொண்டிருந்தது. 2013ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு அவ்வகவுணர்வு இலக்கணத்தை நீக்கிற்று. வகைப்பாடு மாறினும் தாயின் கூற்று பொய்யாகாது. ஆயின் 'மனவடு' என்னும் சொல் நோயின் பெயரோ, நுகர்வின் பெயரோ என்னும் வினா எஞ்சும். பேற்றுக்குப் பின் நோய் என்று சொல்லத்தக்க அளவில் மனவடுவுறுவோர் நூற்றுக்கு நால்வர் அளவினரென்றும், இடர்மிக்க பேறுடையாருள் அத்தொகை நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேற்படுமென்றும் 2017ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய யில்டிஸ் முதலானோர் கண்டனர். நோயென்னும் எல்லையை எட்டாது துன்புறுவோர் அத்தொகையில் அடங்கார். அவர்தம் குரலையும் கேட்க இடம் தந்தமை பெக், உவாற்சன் ஆய்வின் நன்மை.

அக்கூற்றுகள் உடலியலோடு முரண்படாமையும் ஒரு நிறையே. 1948ஆம் ஆண்டில் மைக்கல் நியூற்றன், நைல்ஸ் நியூற்றன் என்போர் ஒரு தாயிடத்துச் செய்த சோதனை பலரறிந்தது. ஊட்டுங்கால் அத்தாயின் காலைக் குளிர்நீரில் அமிழ்த்தியும், நோவு தந்தும், கணக்குகளைக் கேட்டும் உளத்தைக் குலைத்தபோது குழந்தை பெற்ற பாலின் அளவு குறைந்தது. பால் இறங்கச் செய்யும் சுரப்புநீரை ஊசிவழி ஏற்றியபோது மீண்டது. பால் சுரத்தல் வேறு. சுரந்த பால் இறங்குதல் வேறு. பின்னது உளக்கலக்கத்தால் எளிதில் தடைப்படுவது. ஆகவே 'பால் இல்லை' என்று ஒரு தாய் சொல்லுமிடத்து, அது சாட்டன்று. அச்சமும் நோவும் உடம்பின்வழிச் செயற்படுதலின் விளைவாகவும் அது இருத்தல் கூடும்.

குறைகளை ஆராயுமிடத்துத் தமிழ் அகப்பொருள் மரபு ஓர் அளவுகோலாக உதவும். அகப்பாட்டைக் கற்கும் மாணவன் முதலிற் கேட்பது 'இது யார் கூற்று?' என்பதே. தலைவி கூற்றுப்போலவே தோழி கூற்றும், செவிலி கூற்றும், நற்றாய் கூற்றும் உள. ஒரு நிகழ்ச்சி ஒவ்வொரு வாயினும் ஒவ்வொரு பொருள் பெறும். கேட்போர் யார் என்பதும் பொருளை மாற்றும். தோழியிடத்துச் சொல்வதனைத் தலைவி நற்றாயிடத்துச் சொல்லாள். அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படலாகாது என்ற தொல்காப்பிய விதியும், பெயர் மறைத்து அனுபவத்தை வெளியிடும் இக்கால ஆய்வறத்தோடு ஒப்புநோக்கத் தக்கது.

இவ்வளவையாற் காணின், அவ்வாய்வு முழுதும் தலைவி கூற்றாக அமைந்தது. பேறு பார்த்த தாதியின் கூற்று இல்லை. கணவன், தாய், உடன்பிறந்தார் கூற்று இல்லை. தாயின் அனுபவமே வினாவாதலின் இது பிழையன்று; ஆயினும் எல்லை. கேட்போரோ வெறுங்கேட்போர் அல்லர். மனவடுவுற்றார்க்கெனவே அமைந்த நிலையத்தின் தளத்திற்கு வந்தோர், தம் துன்பத்திற்கு அப்பெயரை ஏற்கெனவே சூட்டிக்கொண்டவர். அந்நிலையத் தலைவரே ஆய்வாளர் இருவருள் ஒருவர். இதனாற் கிடைத்த நன்மை பெரிது: பிறரிடம் பேசத் துணியாதோரும் இங்கு எழுதத் துணிந்தனர். இடரும் உண்டு: அப்பெயரை ஏலாதோரும், எழுத்தறிவோ இணையமோ இல்லாதோரும், ஆங்கிலம் அறியாதோரும், கொடிய பேறு கண்டும் அதனைக் கடந்து அமைந்தோரும் இக்கூட்டத்துள் வாரார். முன்கருத்தை ஒதுக்கிவைத்தல் என்னும் ஹுசேர்லின் நெறி, ஒரு துறையிற் பல்லாண்டு தோய்ந்த ஆய்வாளர்க்கு எளிதன்று. ஒதுக்கினோம் என்று உரைத்தல் போதாது. எக்கருத்தை ஒதுக்கினோம் என்று காட்டுதலும் வேண்டும். மேலும் 52 என்பது இம்முறைக்குப் பெருந்தொகை. எழுதிவந்த கதையிடை உடனிருந்து குறுக்கிட்டு வினவுதல் இயலாது. பரப்பு மிகுந்தவிடத்து ஆழம் குறைதல் இயல்பு.

அடுத்த குறை சொல்லாட்சியைப் பற்றியது. தலைப்பில் 'தாக்கம்' என்னும் பொருள்படுஞ்சொல் ஆளப்பட்டுள்ளது. தாக்கம் என்றவழிக் காரணமும் காரியமும் நிறுவப்படல் வேண்டும். மனவடுவுறாத் தாயரோடு ஒப்பிடாது, பேற்றின் வகை பிரித்தறியாது, கதைகளை மட்டும் கொண்டு அதனை நிறுவுதல் இயலாது. வயிற்றைக் கீறிப் பெற்ற தாய்க்கு நோவும், பேற்றில் மிகுகுருதி இழந்த தாய்க்குப் பாற்குறையும், பிரித்துவைக்கப்பட்ட குழந்தைக்கு முலைபற்றா நிலையும் மனவடுவின்றியே நேர்தல் கூடும். இவையெல்லாம் ஒரு கதையுள் ஒருங்கு பின்னிக் கிடக்குமிடத்து, எது எதனால் வந்தது எனப் பிரிக்கும் கருவி இம்முறையில் இல்லை. நன்னூலார் மயங்கவைத்தல் என்னும் குற்றத்தின் சாயல் இங்குப் படிகின்றது. 'பொருள்' என்று சொல்லியிருப்பின் குற்றமில்லை. தாயர் தம் பேற்றையும் ஊட்டலையும் எவ்வாறு ஒன்றோடொன்று இணைத்துப் பொருள் கொண்டனர் என்பதையே அவ்வாய்வு மெய்யாகக் காட்டுகிறது.

எல்லாவற்றினும் ஆழ்ந்து நோக்கற்பாலது இருவழிப் பாகுபாடேயாம். துணையாவன மூன்று, தடையாவன ஐந்து என வகுத்த அளவை எது? பால் ஊட்டப்பட்டதா என்பதே. தாய் ஆறினாளா என்பது அளவையாகக் கொள்ளப்படவில்லை. துணையெனப்பட்ட மூன்றனுள் ஊட்டலால் நோவு ஆறுதல் ஒன்றே ஐயமின்றி நன்மை. தன்னைத் தாயென மெய்ப்பிக்க முயல்பவள், தான் தாயல்லளோ என்னும் ஐயத்தால் அலைவுறுபவள். கழுவாய் தேடுபவள், தான் செய்யாத குற்றத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டவள். இவ்விருவரும் முலைக்காம்பு வெடித்துக் குருதி வரினும் ஊட்டுவர். பதிவேடு அவரை வெற்றியுற்றார் வரிசையிற் சேர்க்கும். ஊட்டலை நிறுத்திய தாயோ, அந்நிறுத்தத்தாலே உள்ளம் தேறிக் குழந்தையை அணைத்துக்கொண்டவளாகவும் இருக்கலாம். பதிவேடு அவளைத் தோற்றார் வரிசையிற் சேர்க்கும். வழி இரண்டாயினும் வழிச்செல்வோர் இருகூட்டத்தாரல்லர். ஒரே தாய் காலையில் ஒருவழியும் நள்ளிரவில் மறுவழியும் செல்லுதல் கூடும். எனவே தாயர் அளித்த மூலம் ஆய்வாளர் இட்ட தலைப்பினும் செறிவுடையது எனலாம்.

இக்கருத்து மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் வாழ்வார்க்கு நேரே உரியது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஆறு திங்களுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே உண்பவர். ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. பேற்றின்கண் உயிரிழக்கும் தாயரின் தொகை, தென்னாசிய நாடுகளுள் மிகக் குறைந்தனவற்றுள் ஒன்று. எழுவான்கரை, படுவான்கரை என்னும் இரு பகுதியிலும் குடும்பநல மாதர் வீடுதோறும் சென்று தாயையும் சேயையும் பார்க்கின்றனர். இவை பெருமைக்குரிய பேறுகள். ஆயினும் ஊட்டல் இத்துணைச் சிறந்த நாட்டில், ஊட்டலையே நலத்தின் அடையாளமாகக் கொள்ளும் பழக்கம் எளிதில் வேரூன்றும். அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஊட்டலை நிறுத்திய தாயரைக் கண்டறிதல் கடினமன்று; ஈண்டுக் கண்டறிய வேண்டியவர், நிறுத்தாது ஊட்டிக்கொண்டே உள்ளத்தால் நைபவர். அவர் நூற்றுக்கு 82 என்னும் நல்ல எண்ணின் பின்னே மறைந்திருப்பர்.

வாழ்க்கையமைப்பும் வேறு. மட்டக்களப்புப் பகுதியில் வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது. மணமகன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்வது வழக்கம். ஆதலின் பிள்ளைபெற்றவள் தன் தாயின் நிழலிலேயே கிடப்பாள். சரக்கரைத்த பத்தியக்கறியும், உள்ளியும், பாற்சுறாவும் பால் பெருகவென ஊட்டப்படும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியுமளவும் அவளைத் தனியே விடார். இணையத்தில் எழுதிய மேனாட்டுத் தாயர் பலர்க்கு வாய்க்காத துணை இது. ஆயின் சுற்றமிருப்பது காவலாதல்போலக் கண்காணிப்பாதலும் உண்டு. பால் போதாதபோது 'இவளுக்குப் பாலில்லை' என்னும் சொல் வீட்டினுள்ளே பிறந்து ஒழுங்கையெல்லாம் பரவும். மேனாட்டு ஆய்வில் தாயின் அகத்தே எழுந்த 'தாயென மெய்ப்பித்தல்' என்னும் நெருக்குதல், ஈண்டுப் புறத்தேயிருந்தும் வரும்.

சொல்லும் வகையிலும் வேறுபாடு பெரிது. 1990களில் மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரை ஆராய்ந்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், போர்க்காலத்தில் வெளிப்படையாகப் பேசவொண்ணாத் துயர் தெய்வத்தின் வாய்மொழியாக வெளிப்பட்டமையை எழுதினார். ஒப்பாரியிலும் பெண்டிர் தம் துயரைச் செத்தார்மேல் வைத்துப் பாடுவர். 'எனக்கு இன்னது நேர்ந்தது' எனத் தன்மையிற் கட்டுரை வரைதல் இந்நிலத்துப் பெண்டிர் பலர்க்கு இயல்பான வாயில் அன்று. மின்னஞ்சற் கதையை இங்கு எதிர்பார்ப்போர், கதை வராமையைக் கண்டு துயரில்லை என முடிவுசெய்தல் கூடும். அம்முடிவு முறையின் குறையேயன்றித் தாயரின் நிறைவன்று. மேலும் பேற்றின் வடு இங்குத் தனித்து நிற்பதன்று. 2004 திசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளிற் குழந்தையாயிருந்தவளும், 2006, 2007ஆம் ஆண்டுப் போரில் வாகரையிலும் படுவான்கரையிலும் இருந்து இடம்பெயர்ந்தவளும் இன்று தாயாகின்றாள். பேற்றறையில் அவள் கண்ட அச்சம் எதன் அச்சம் என்பதை ஒரு கதையால் அறுதியிடல் அரிது.

இலங்கைக்குரிய சான்று முற்றும் இல்லாமற் போகவில்லை. 2018ஆம் ஆண்டில் டினூஷா பெரேரா முதலானோர் கொழும்பு மாவட்ட அரச நிலையங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டனர். தாயரையும் குடும்பநல மாதரையும் தனித்தனிக் குழுவாக இருத்திக் கேட்டமையின், தலைவி கூற்றோடு செவிலி கூற்றும் அதன்கண் உண்டு. கடுஞ்சொல்லும் புறக்கணிப்பும் எல்லாத் தாயர்க்கும் ஒருபடித்தாக நேர்வதில்லை என்பதும், இளையோர், வறியோர், சிங்களம் அறியாதோர் ஆகியோர்க்கு மிகுதியாக நேர்கின்றன என்பதும் அதன் முடிபு. மொழியறியாமை ஒரு தாயைப் பேற்றறையில் ஊமையாக்கும் என்னும் உண்மை, பெக், உவாற்சன் ஆய்வில் எழ வாய்ப்பேயில்லை. ஆங்கே எழுதினோர் தம் வைத்தியசாலையின் மொழியிலேயே எழுதினர். ஆயின் கொழும்பாய்வின் பொருள் பேற்றறையோடு அமைவது. அத்தாயர் வீடு திரும்பி ஊட்டியது எங்ஙனம் என்பதை அது தொடரவில்லை. இரண்டையும் இணைத்து நோக்கும் ஆய்வு வாவிக்கரைக்கு வேண்டும். அதனைச் செய்தற்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடமும், போதனா வைத்தியசாலையும் மட்டக்களப்பிலேயே உள.

அத்தகைய ஆய்வு சில நெறிகளைக் கைக்கொள்ளல் நன்று. கேட்பவர் பேற்றறைப் பணியாளராக இருத்தலாகாது. பணியாளரை வைத்துக்கொண்டே பணியாளரைக் குறைகூறத் தாய் துணியாள். துடக்குக் கழிந்தபின், மாமியாரும் அயலாரும் சூழாத பொழுதில், தாயின் பேச்சுமொழியிற் கேட்டல் வேண்டும். 'மனவடு உற்றீரோ' என வினவாது, 'பிள்ளை பெற்ற கதையைச் சொல்லுங்கள்' என்று தொடங்குதல் வேண்டும்; பெயர் சூட்டுதல் தாய்க்கே விடப்படட்டும். தாய் கூற்றோடு அவள் தாயின் கூற்றையும் தாதியின் கூற்றையும் தனித்தனியே பெற்று, மூன்றும் முரணுமிடத்தை மறைக்காது காட்டுதல் வேண்டும். இந்துத் தாயரோடு காத்தான்குடி, ஏறாவூர் முதலிய ஊர்களின் முஸ்லிம் தாயரும் கேட்கப்படல் வேண்டும். முடிவில் எழுதியதைத் தமிழிலேயே தாயர்க்கு வாசித்துக் காட்டி ஒப்பம் பெறல் வேண்டும்.

ஆய்வு வருமளவும் தாதியரும் குடும்பநல மாதரும் காத்திருத்தல் வேண்டுவதில்லை. உத்தரவின்றி மார்பைப் பற்றிக் குழந்தையின் வாயிற் புகுத்தும் பழக்கம், மீறப்பட்ட உடம்பை மீண்டும் மீறுதலாக ஒருசார் தாயர்க்குத் தோன்றும் என்பதை 52 தாயரின் சொல் தெளிவாக உரைத்துவிட்டது. தொடுமுன் கேட்டல் செலவில்லாத மருந்து. 'பால் வருகிறதா' என்னும் வினாவின் பின் 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்' என்னும் வினாவையும் சேர்த்தல் அரிதன்று. அது தாயின் நலமே கருதிய வினா. பாலூட்டலுக்கு முன்னுரையாக அமைந்த வினாவன்று.

தொகுத்து நோக்கின், பெக், உவாற்சன் ஆய்வு காரணகாரியம் நிறுவிய நூலன்று. எல்லா நாட்டுக்கும் பொருந்தும் விதி கூறிய நூலுமன்று. அவ்வாறு கொள்வோர் அதனை மிகைப்படக் கொள்வர். எண் காட்டாத ஒன்றைக் காட்டிய நூல் அது: ஊட்டல் நிகழ்ந்தமை தாய் நலமுற்றமைக்குச் சான்றாகாது, ஊட்டல் நின்றமை அவள் தாய்மைக்கு இழுக்குமாகாது. இவ்வொன்றனை வாவிக்கரையின் வீடுகளும் வைத்தியசாலைகளும் ஏற்பின், நூலின் குறைகள் பொறுக்கத் தக்கனவேயாகும்.